மடிப்பு கலையாத ஐந்து பேர்

என் அண்ணிக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடுவது நின்றுகொண்டு, சண்டை போடுவது நின்றுகொண்டு, பிள்ளைகளுக்குத் தலை வாருவதும் நின்றுகொண்டுதான். எங்கள் வீட்டில் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்றில் என் அண்ணன் உட்காருவான், இன்னொன்றில் மடிக்காத துணி உட்காரும். வந்தவர்கள் யாராவது, நீங்களும் உட்காருங்களேன் என்று சொன்னால், இருக்கட்டும் என்று சுவரில் ஒரு தோளைச் சாய்த்துக்கொள்வாள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அதைத் திமிர் என்று நினைத்தேன். அது வேலைப் பழக்கம் என்று பிறகுதான் புரிந்தது. திமிரும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

அண்ணி வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரி விரிப்புகள், ஓட்டல் மேசைத்துணிகள், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து விழும். ஈரத் தரை, ஆவி, காதை அடைக்கிற இயந்திரச் சத்தம். நடுவில் நீளமான மடிப்பு மேசைகள். பெண்கள் இரண்டிரண்டு பேராக ஒரு விரிப்பின் முனைகளைப் பிடித்து உதறுவார்கள், ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மடிப்பார்கள், மறுபடி விலகிப் போவார்கள். காலை முதல் மாலை வரை இதே நடைதான். உட்கார அங்கே சூப்பர்வைசரம்மாவின் முக்காலியைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அந்த முக்காலியிலும் அந்த அம்மாளின் டிபன் பாக்ஸ்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே படிப்பு என்றால் என்ன என்பதைப் பற்றி அண்ணிக்கு ஒரு தெளிவான அபிப்பிராயம் உண்டு. படித்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் டாக்டர் உட்கார்ந்திருக்க நோயாளி நிற்கிறான். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அதற்கென்று படித்துவிட்டும் நாள் முழுக்க நிற்கிறேனே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று ஒருமுறை மடக்கினேன். "நீ சரியாப் படிச்சிருக்க மாட்டே" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

அவளுக்கு ஐந்து பிள்ளைகள். பெரியவள், ஒரு பெண். அடுத்தவன், எதற்கெடுத்தாலும் வாதம் செய்வதால் வக்கீல் என்று பேர் வாங்கியவன். அதற்கடுத்து இரட்டைப் பெண்கள். முதலில் பிறந்தவள் முந்தி, அடுத்து வந்தவள் பிந்தி. கடைசியாகப் பொட்டலம். கைக்குழந்தையாக இருந்தபோது எப்போது பார்த்தாலும் ஆஸ்பத்திரித் துவாலையில் சுற்றிக் கிடந்ததால் அவனுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு பேரையும் பெற்ற என் அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பான். மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும் பதில் அது. தொழில் புத்தி.

பெரியவள் எட்டாம் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளில்தான் அண்ணிக்கு அந்த விபத்து நடந்தது. விரிப்பைத் தேய்க்கிற சூடான ரோலருக்குள் செலுத்தும்போது ஓரம் சுருட்டிக்கொண்டு இழுத்தது. வலது கை உள்ளே போய்விட்டது. பக்கத்திலிருந்தவள் இயந்திரத்தை நிறுத்தியதால் கை மிஞ்சியது. தோல் வெந்து, உரிந்து, ஆறி, மறுபடி உரிந்து, அவள் வேலைக்குத் திரும்ப ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்காது. அந்த வருஷம் முழுக்கப் பெரியவள் பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் அவளை நிறுத்தவில்லை. ஒரு நாள் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை, அப்படியே நின்றுபோயிற்று. சமைத்தாள், துவைத்தாள், பொட்டலத்தைக் குளிப்பாட்டினாள், அம்மாவுக்குச் சோறு ஊட்டினாள். நானும் என் அண்ணனும் வேலைக்குப் போனோம், திரும்பி வந்தோம், நல்ல பெண் என்று அவளை மெச்சினோம். மெச்சுவது சுலபமான வேலை.

கூடத்து சூப்பர்வைசரம்மா அண்ணியைப் பார்க்க ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது பெரியவளும் நானும் போர்வை மடித்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் கெட்டவளில்லை. பெரியவளின் கையைப் பார்த்துவிட்டு, என்ன அழகாக ஓடுகிறது, அம்மா கையே வந்திருக்கிறது என்றாள். உண்மையாகவே பாராட்டித்தான் சொன்னாள். கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் கிடந்த அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கை சரியாகி அண்ணி வேலைக்குப் போனதும் முதலில் செய்தது, விடுமுறையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மாஸ்டரைப் பார்த்ததுதான். பெண்ணை மறுபடி சேர்க்க வேண்டும் என்றாள். பேர் எடுத்தாகிவிட்டது, திறக்கிற அன்றைக்கு வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் ஒரு பார்க்கலாம் போதாதென்று வெளியிலும் ஒன்று. இதற்குள் மடிப்பு மேசையில் ஓர் இடம் காலியாயிற்று. சூப்பர்வைசரம்மா அண்ணனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் போய்ப் பாருங்கள், சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் மதியமே பெண்ணைக் கூட்டி வந்துவிடுங்கள், அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க முடியாது. அண்ணன் பார்க்கலாம் என்று சொல்லாமல், வாழ்க்கையில் முதன்முறையாக, சரி என்று சொல்லிவிட்டான்.

அன்று வீட்டில் நடந்ததை விவரிக்கப் போவதில்லை. ஒரு பாத்திரத்துக்கு மூக்கு உடைந்தது. கடைசியில் அண்ணி சொன்னாள்: "அன்னிக்குக் காலையில என் பொண்ணு வகுப்புல உட்காருவா. உட்காரலேன்னா மதியம் நீங்க சொல்றபடி செய்ங்க. ஆனா உட்காருவா." அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி அந்த ஒரு காலைப் பொழுதின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

திறப்பதற்கு முந்தின நாள் யூனிஃபார்ம்களுக்குக் கஞ்சி போட்டாள். தப்பு அங்கேதான் நடந்தது. அண்ணிக்கு அளவு பார்த்துப் போடும் பழக்கம் கிடையாது, கண் அளவுதான். அந்தக் கண்ணோ அண்டா அண்டாவாக டாக்டர் கோட்டுகளுக்குக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கண். கோபம் வேறு. காலையில் கொடியிலிருந்து எடுத்தபோது ஐந்து சட்டைகளும் கதவுப் பலகை மாதிரி வந்தன. பொட்டலத்தின் கால்சட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தேன், அது தன் காலில் நின்றது. முந்தியும் பிந்தியும் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுபடி அலச நேரமில்லை. அண்ணி ஒரு நிமிஷம் அந்தக் கால்சட்டையையே பார்த்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, கத்தி முனை போல மடிப்பு வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். "விறைப்பாவே இருக்கட்டும். இன்னிக்கு அது வேணும்" என்றாள். தான் செய்த தப்பை அண்ணி ஒப்புக்கொள்வது இப்படித்தான்.

சலவைக்கூடத்தில் ஒரு வார்டிலிருந்து வருகிற துணியெல்லாம் ஒரு கட்டு. ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் அந்தக் கட்டுக்கென்று ஒரு நிறத்தில் நூல் அடையாளம் போடுவார்கள். எந்தக் கட்டில் வந்ததோ அந்தக் கட்டிலேயே திரும்பிப் போக வேண்டும். ஒரே ஒரு தலையணை உறை குறைந்தாலும் அது கிடைக்கும் வரை மொத்தக் கட்டும் அலமாரியை விட்டு இறங்காது. இதில் அண்ணியிடம் யாரும் பேரம் பேச முடியாது. டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டாள். வீட்டிலும் அதே சட்டம்தான். ஐந்து பேரும் சேர்ந்து போவார்கள், சேர்ந்து வருவார்கள், ஒருவர் வராமல் மற்றவர்களுக்குச் சோறு கிடையாது. அன்று காலை ஐந்து சட்டைக் காலருக்குள்ளும் பச்சை நூலில் ஒரு தையல் போட்டாள். மடங்காத விரல்களால் ஊசி பிடிப்பது அவளுக்குக் கஷ்டம். நான் போடுகிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லை.

நான்கு பேர் உடுத்தி முடித்தார்கள். ஐந்தாவது சட்டை மாட்டியபடியே இருந்தது. பெரியவள் பழைய பாவாடையோடு அடுப்பங்கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி போய் வாசற்படியில் நின்றாள்.

"நான் போகலம்மா" என்றாள் பெரியவள், திரும்பாமலே. "தம்பியும் நானும் ஒரே வகுப்பு. எல்லாரும் சிரிப்பாங்க. அவன் பெஞ்சுல நான் போய் உட்காரணுமா?"

"அது அவன் அப்பன் வீட்டு பெஞ்சா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அப்பன்தானே அவளுக்கும் அப்பன். சிரித்துவிட்ட கோபத்தில் அழுகையும் வந்தது. இதற்கு நடுவில் வக்கீல் வேறு எட்டிப் பார்த்து, வந்தால் வரட்டும், ஆனால் வகுப்பில் யாரிடமும் தன்னைத் தம்பி என்று சொல்லக் கூடாது, வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிடவே கூடாது என்று நிபந்தனை போட்டான். அவனை நான் காதைப் பிடித்து இழுத்து வந்தேன். கஞ்சிச் சட்டை சரசரவென்று கூடவே வந்தது.

அண்ணி தன் வலது கையை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது ரோலருக்குள்ள போச்சு. இது மட்டும்தான் போயிருக்கணும். உன் வருஷமும் கூடப் போச்சு. கையை என்னால திருப்பி வாங்க முடியாது. வருஷத்தை வாங்குவேன். யாரு சிரிச்சாலும் வாங்குவேன்."

பெரியவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை எடுத்தாள்.

கிளம்பும்போது புதுப் பிரச்சினை. அந்தத் துணியில் யாராலும் குனிய முடியவில்லை. காலணியின் நாடாவை யார் கட்டுவது? அதுவரை நாற்காலியில் வாயைத் திறக்காமல் இருந்த என் அண்ணன் எழுந்து வந்து தரையில் மண்டியிட்டான். பொட்டலத்துக்குக் கட்டினான், இரட்டையர்களுக்குக் கட்டினான், வக்கீலுக்குக் கட்டினான். பெரியவள் தயங்கி நின்றாள். மதியம் அவளைக் கூடத்துக்கு அனுப்பச் சரி சொன்ன மனுஷன் இவன். "காலை நீட்டும்மா" என்றான். அவளுக்கு மட்டும் இரட்டை முடிச்சுப் போட்டான். அண்ணி அதைப் பார்த்தாள். ஆறிப்போயிருந்த அவன் தேநீரை மறுபடி சுட வைத்துக் கொடுத்தாள்.

வாசலில் எல்லாரையும் உயரப்படி நிறுத்தி ஒரே ஒரு கட்டளை போட்டாள். வகுப்புக்குள் போய் உட்காருகிற வரைக்கும் யாரும் எங்கேயும் உட்காரக் கூடாது, மடிப்பு கலையக் கூடாது. இவ்வளவு பாடுபட்டுத் தேய்த்தவள் வேறு என்ன சொல்வாள்? பஸ்ஸில் கசங்கிவிடும் என்று நடந்தே போனோம். ஐந்து பேருக்கு இரண்டு கை போதாதென்று நானும் கூடப் போனேன். என் வேலை சாயங்காலம்தான். முன்னால் ஐந்து பிள்ளைகள் முழங்காலை மடக்காமல் நடக்க, பின்னால் நாங்கள் இரண்டு பேர். செருப்புக் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி கடைக்குள் போய்விட்டார்.

ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே ஒரு நீண்ட தாழ்வாரம். பிள்ளைகளை அங்கே நிறுத்திவிட்டு நாங்கள் உள்ளே போனோம். அவர் களைத்த மனிதர். முதல் நாள், வெளியே பெற்றோர் கூட்டம், மேசையில் தண்ணீர் டம்ளரை வைக்கக்கூட இடமில்லை. உட்காருங்கள் என்றார். நான் உட்கார்ந்தேன். அண்ணி நின்றாள்.

நான்கு பேருக்கும் ஒரு சிக்கலும் இல்லை, இப்போதே வகுப்புக்குப் போகலாம் என்றார். பெரியவள் விஷயம்தான் கஷ்டம். ஒரு வருஷம் முழுக்க வரவில்லை. வயதும் கூடிவிட்டது. தம்பியோடு ஒரே வகுப்பில் வைத்தால் இரண்டு பேருக்குமே சங்கடம். பேசாமல் வீட்டிலிருந்தே படித்துத் தனியாகப் பரீட்சை எழுதட்டுமே, நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள் என்றார். கனிவாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"வீட்டுல இருந்தா எழுத மாட்டா சார்" என்றாள் அண்ணி. "துவைப்பா."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். அதை விடுங்கள், எட்டாம் வகுப்பு நிரம்பி வழிகிறது, ஒரு பெஞ்சில் நாலு பேரை நெருக்கி வைத்திருக்கிறேன், உண்மையிலேயே உட்கார இடமில்லை என்றார்.

வேறு எந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தாலும் அண்ணி கொஞ்சம் இறங்கி வந்திருப்பாளோ என்னவோ. உட்கார இடமில்லை என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது. எனக்கு அந்த முதுகைத் தெரியும். நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இடம் இல்லேன்னா ஒரு ஓரமா நிக்கட்டும்னு நான் கெஞ்சுவேன்னு நினைக்காதீங்க சார். நிக்கறதுக்கு என்கிட்டயே இடம் இருக்கு. இன்னிக்கு மதியமே கூப்பிடறாங்க. உட்கார்றதுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

"அம்மா, இப்போ மத்த நாலு பேரையும் வகுப்புக்கு அனுப்புங்க. இவளைப் பத்தி நாளைக்குப் பேசலாம்."

"நாளைக்கு இல்லை சார். அஞ்சும் ஒரே கட்டு" என்றாள் அண்ணி.

அவருக்கு அது புரியவில்லை. புரிய வைக்கலாமென்று நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. சற்று நேரத்தில் பியூன் உள்ளே வந்தார். அந்த ஐந்து பிள்ளைகளும் உட்கார மாட்டேன் என்கிறார்கள், டீச்சர் சொல்லியும் கேட்கவில்லை, வகுப்புக்கும் போக மாட்டார்களாம் என்றார். ஹெட்மாஸ்டர் அண்ணியைப் பார்த்தார். இதுவும் உங்கள் ஏற்பாடா என்ற பார்வை. அண்ணி என்னைப் பார்த்தாள். அது அவள் ஏற்பாடு இல்லை. வகுப்பில் போய் உட்காருகிற வரை மடிப்பு கலையக் கூடாது என்று மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் போராட்டம் நடத்தச் சொல்லவில்லை.

வெளியே போனோம். தாழ்வாரத்தில் காலியாக ஒரு பெஞ்சு கிடந்தது. அதன் முன்னால் ஐந்து பேரும் உயரப்படி நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, விறைத்த காலர், கையை வேறு எங்கேயும் வைக்க முடியாமல் உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு ஏதோ பெரிய தீர்மானத்தோடு வந்தவர்கள் மாதிரி இருந்தது. எதிர் வகுப்புகளின் ஜன்னல்களில் தலைகள் முளைத்திருந்தன. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர்களில் பாதிப் பேர் போகாமல் நின்றிருந்தார்கள். பொட்டலத்துக்குக் கால் வலித்திருக்க வேண்டும், ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை ஆற்றிக்கொண்டிருந்தான்.

ஹெட்மாஸ்டர் குனிந்து அவனிடம்தான் முதலில் பேசினார். உட்காருடா கண்ணா, கால் வலிக்குமே என்றார்.

"வகுப்புலதான் உட்காரணும்" என்றான் பொட்டலம். "அம்மா அடிப்பாங்க."

"சரி, அப்போ வகுப்புக்குப் போ. உன் டீச்சர் அதோ நிக்கறாங்க."

பொட்டலம் டீச்சரைப் பார்த்தான். அவனுக்கு அது முதல் பள்ளிக்கூடம், முதல் நாள். டீச்சர் கையில் ஒரு பலூன் கூட வைத்திருந்தாள். பிறகு வரிசையின் அந்தக் கோடியைப் பார்த்தான். அக்கா வரவில்லையே என்றான். முந்தியும் பிந்தியும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். அதாவது தாங்களும் போக மாட்டார்கள்.

ஹெட்மாஸ்டர் வக்கீலிடம் வந்தார். அவனை அவருக்குத் தெரியும், நன்றாகப் படிக்கிற பையன். நீ பெரியவன், உனக்குப் புரியும், நீ போய் உட்கார், மற்றவர்கள் உன்னைப் பார்த்து வருவார்கள் என்றார். வக்கீலின் வகுப்பு நேர் எதிரே இருந்தது. அவன் கூட்டாளிகள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சைகை செய்து, பக்கத்தில் நிற்கிற பெண் யார் என்று கேட்டான். காலையில் இவன் நிபந்தனை போட்டு என்னிடம் காதைக் கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. போச்சு, இவன் போய்விடுவான் என்று நினைத்தேன். காது இன்னும் சிவந்துதான் இருந்தது.

வக்கீல் தன் காலணியைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். பிறகு, அவ்வளவு பேருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்: "எங்க அக்கா உட்கார்ந்தாதான் சார் நான் உட்காருவேன்."

"இடம் இல்லப்பா."

"என் இடம் இருக்கு சார். அதுல ரெண்டு பேர் உட்காரலாம். நாங்க வீட்டுல அஞ்சு பேர் ஒரு பாயில படுக்கறோம்."

யாரோ ஒரு தாய் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை அது. நான் என் அண்ணியைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் எட்டு வீட்டுக்குக் கேட்கிறவள், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். தான் சொல்லிக் கொடுக்காத ஒன்றைப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்த முகம் அது. அந்தப் பையனின் காதைத் திருகிய கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஹெட்மாஸ்டர் கடைசியாகப் பெரியவளிடம் திரும்பினார். இவ்வளவு நேரமும் எல்லாரும் அவளைப் பற்றியே பேசினோம், அவளிடம் யாரும் பேசவில்லை. உனக்கு இது சம்மதமா, தம்பி வகுப்பு, எல்லாரும் உன்னைவிடச் சின்னவர்கள், சிரிப்பார்கள், தாங்குவாயா என்று கேட்டார்.

பெரியவள் நிமிர்ந்தாள். கஞ்சி போட்ட காலர் அவள் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு கிழித்திருந்தது. "ஒரு வருஷமா அடுப்புக்கிட்டயும் தொட்டிக்கிட்டயும் நின்னுகிட்டேதான் இருந்தேன் சார்" என்றாள். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். நான் உட்கார்றேன்."

அவர் ஜன்னல்களைப் பார்த்தார், பெற்றோர்களைப் பார்த்தார், அந்த வெறும் பெஞ்சைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, இன்றைக்கு உட்காரட்டும், இன்றைக்கு மட்டும்தான், மற்றதை அப்புறம் பேசுவோம் என்றார்.

அண்ணி தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். அவள் நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். எத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

"இன்னிக்கு உட்கார்ந்தாப் போதும் சார். நாளைக்கு அவளை எழுந்திருக்கச் சொல்றது யாருன்னு நான் வந்து பார்த்துக்கறேன்."

ஹெட்மாஸ்டர் சிரித்தார். அன்று காலை அவர் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். பியூனைக் கூப்பிட்டு, எட்டாம் வகுப்பில் அந்தப் பையன் பெஞ்சில் இருப்பவர்களைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல் என்றார்.

வரிசை கலைந்தது. பொட்டலம் ஒரு காலை இழுத்துக்கொண்டே பலூன் டீச்சரிடம் ஓடினான். முந்தியும் பிந்தியும் ஒரே கதவில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து முட்டிக்கொண்டார்கள். நாங்கள் எட்டாம் வகுப்பு ஜன்னலருகே போய் நின்றோம். வக்கீல் முன்னால் போனான், பெரியவள் பின்னால் போனாள். வகுப்பு கப்சிப் என்று இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் ஒரு சாண் இடம். பெரியவள் பாவாடையைப் பின்னால் தடவி விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பப்படம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வகுப்பு மொத்தமும் சிரித்தது. அடுத்து வக்கீல் உட்கார்ந்தான், அதே சத்தம். இப்போது பெரியவளும் சிரித்தாள். கத்தி முனை போலிருந்த மடிப்பு அவள் மடியில் கலைந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணி அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

வெளியே வந்ததும் அண்ணி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டமாக நடந்தாள். மடிப்பு மேசையில் ஓர் ஆள் குறையுமே, விரிப்பின் மறுமுனையை யார் பிடிப்பது என்றேன். "நீ எதுக்கு இருக்கே, மருந்து?" என்றாள். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். சாயங்கால வேலைக்கு முன்னால் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் கண் அயரலாமென்று நான் போட்டிருந்த திட்டம் அதோடு போயிற்று.

கூடத்தில் ஆவியும் சத்தமும் முகத்தில் அறைந்தன. அண்ணி ஒரு முனையைப் பிடித்தாள், மறுமுனையை என்னிடம் வீசினாள். உதறினோம், நடந்தோம், மடித்தோம், விலகினோம். நான் மடித்ததையெல்லாம் அவள் பிரித்து மறுபடி மடித்தாள். மதியம் சூப்பர்வைசரம்மா டிபன் பாக்ஸை முக்காலியில் வைத்துவிட்டு எங்கள் மேசைக்கு வந்தாள். காலியிடத்தில் நான் நிற்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அண்ணியின் தோளைத் தட்டி, "பொண்ணு எங்க?" என்று கேட்டாள்.

அண்ணி விரிப்பைக் கீழே வைக்கவில்லை. "உட்கார்ந்திருக்கா" என்றாள்.

இயந்திரச் சத்தத்தில் அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை, என்ன என்று காதைக் கிட்டே கொண்டுவந்தாள். அண்ணிக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. கூடம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள்.